ஒண்ட வந்த பிடாரி

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டியதாம் என்றொரு சொலவடை உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பின் வரும் பெரிய ஆபத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. சிறுநீரகத்தையோ ஈரலையோ மாற்றி வைத்தால், வந்த உறுப்பை உடம்பு விரட்டப் பார்க்கும். மஜ்ஜை மாற்றில் கதை தலைகீழ். இரத்த அணுக்களும் உடம்பைக் காவல் காக்கும் வெள்ளணுக்களும் பிறக்கும் இடமே மஜ்ஜை என்பதால், கொடையாளியின் மஜ்ஜையை ஏற்றும்போது அவருடைய காவல்படையும் கூடவே வந்து இறங்குகிறது. வந்த இடம் தன் வீடில்லை என்று அந்தப் படை கண்டுகொண்டால் வீட்டையே அடித்து நொறுக்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். குடல் புண்ணாகி லிட்டர் கணக்கில் வயிற்றுப்போக்கு போகும். ஈரல் கெட்டுக் காமாலை வரும். மருத்துவர்கள் இதை ஜி.வி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். பெரியகுளத்து ஒட்டு மாங்கன்றில் மேலே கட்டிய கிளை அடிமரத்தைத் தின்பதில்லை. மனித ஒட்டில் தின்கிறது. இந்த நோயை அடக்கிய வரலாற்றை, ஒன்றன்பின் ஒன்றாக வந்த அற்புத மருந்துகளின் வரலாறாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. மருந்துகளைவிட அவற்றை நாள் பார்த்து, அளவு பார்த்து, இரத்தம் பார்த்துக் கொடுக்கக் கற்றுக்கொண்ட பழக்கத்துக்கே அந்தப் பெருமையில் பெரும்பங்கு சேர வேண்டும் என்பது என் கட்சி. அந்தப் பார்வை எட்டுகிற தூரத்தில் இருந்ததா என்பதை வைத்துத்தான் மதுரைச் சமவெளியின் பங்கையும் கணக்கிட வேண்டும்.

நோயைப் பார்க்கும் கண் முதலில் எலிகளிடம் பழகியது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு கதிர்வீச்சு மஜ்ஜையை அழிப்பதை எப்படிச் சரிசெய்வது என்ற கேள்வி அணு ஆய்வுக் கூடங்களில் எழுந்தது. 1956-இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் பார்ன்ஸும் லூட்டிட்டும் இரத்தப் புற்று கண்ட சுண்டெலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, வேறு எலிகளின் மஜ்ஜையை ஏற்றினார்கள். புற்று போயிற்று. ஆனால் வேற்றின மஜ்ஜை பெற்ற எலிகள் சில வாரங்களில் இளைத்து, வயிறு கழிந்து செத்தன. இரண்டாம் நோய் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் டெல்டா உப்ஹாஃப் என்ற பெண் அறிவியலாளர், மஜ்ஜை ஏற்றிய எலிகளுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால் இந்த இரண்டாம் நோய் அடங்குகிறது என்று 1958-இலேயே காட்டிவிட்டார். மருந்து கையில் இருந்தது. காரணமும் 1960களின் நடுவில் ரூபர்ட் பில்லிங்ஹாம் வகுத்துச் சொன்ன நிபந்தனைகளால் தெளிவாகிவிட்டது. அப்படியிருந்தும் மனிதர்களிடம் நடந்த மாற்றுகள் தொடர்ந்து தோற்றன. 1970-இல் மார்ட்டிமர் போர்டின் அதுவரை உலகெங்கும் நடந்த 203 மாற்றுகளைத் தொகுத்தார். அது பெரும்பாலும் சாவுக் கணக்கு. பல மருத்துவர்கள் இந்தத் துறையையே கைவிட்டார்கள். மருந்து கிடைத்தாலே நோய் தீரும் என்றால், 1958-க்கும் 1970-க்கும் இடையிலான இந்தப் பன்னிரண்டு ஆண்டு இருட்டுக்கு விளக்கமில்லை.

அந்த மெத்தோட்ரெக்சேட்டின் பூர்வீகத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அது நம் மலையையும் நம் நகரத்தையும் தொட்டுப் போகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளிடம் காணப்பட்ட கடும் இரத்தசோகைக்குக் காரணம் தேடுவது அவர் வேலை. அதன் தொடர்ச்சியாக 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், ராபர்ட் மெக்காரிசன் நடத்திவந்த ஊட்டச்சத்து ஆய்வுப் பிரிவில், எலிகளை வைத்துச் சோதனை செய்தார். 1931-இல் சென்னை கோஷா மருத்துவமனையிலும் வேலை பார்த்தார். ஈஸ்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்ற மலிவான பண்டத்தில் இந்தச் சோகையைத் தீர்க்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அவருடைய முடிவு. அந்த ஏதோ ஒன்றுதான் ஃபோலிக் அமிலம். 1941-இல் அதைப் பசலைக்கீரையிலிருந்து பிரித்தவர்கள், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டார்கள். அதைச் செயற்கையாகச் செய்யும் வழியை 1945-இல் வெளியிட்ட லெடர்லே ஆய்வுக்கூடக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தி வந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். அவருடைய சகோதரர்களின் உயிரைக் குடித்தது ஸ்புரூ என்ற குடல் நோய். ஃபோலிக் அமிலம் கேட்கும் நோய் அது. ஃபோலிக் அமிலத்தைப் போலவே வேடமிட்டு வந்து உயிரணுவை ஏமாற்றும் எதிர்ப்பொருள்களையும் இதே கூடம் செய்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை வைத்து பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்று கண்ட குழந்தைகளைத் தற்காலிகமாகவேனும் தேற்றினார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் என்று 1948-இல் அறிக்கை வந்தது. அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். அறிக்கை வந்த அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் இறந்துபோனார்.

இதெல்லாம் தற்செயல், குன்னூரில் எலி வளர்த்ததற்கும் மஜ்ஜை மாற்றுக்கும் முடிச்சுப் போடுவது நம்மவர் பெருமை பேசும் வழக்கமான விளையாட்டு என்று ஒருவர் சொல்லலாம். பெருமை பேசுவதற்காக இதை எடுக்கவில்லை. வில்ஸ் ஆங்கிலேயர், சுப்பாராவின் சாதனை அமெரிக்கக் கூடத்தில் நடந்தது, சென்னை அவருக்குக் கொடுத்தது அவமானம்தான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பம்பாயிலும் குன்னூரிலும் வில்ஸ் செய்த வேலை முழுக்க முழுக்கப் பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலை: யார் என்ன சாப்பிடுகிறார்கள், யாருக்கு இரத்தம் எப்படி இருக்கிறது, எதைக் கொடுத்தால் எத்தனை நாளில் அணு எண்ணிக்கை ஏறுகிறது. மெத்தோட்ரெக்சேட்டை மஜ்ஜை மாற்றுக்கு ஏற்ற மருந்தாக்கியதும் பின்னாளில் இதே வகை வேலைதான்.

அந்த வேலை சியாட்டிலில் நடந்தது. டொனால் தாமஸ், ரெய்னர் ஸ்டார்ப் ஆகியோரின் குழு நாய்களிடம் பல ஆண்டுகள் சோதித்து ஒரு நாள்கணக்கை வகுத்தது. மஜ்ஜை ஏற்றியபின் 1, 3, 6, 11 ஆகிய நாள்களில் சிறு அளவில் மெத்தோட்ரெக்சேட். பிறகு வாரம் ஒருமுறை, 102-ஆம் நாள் வரை. இந்தக் கணக்கின் நுட்பம் கவனிக்கத்தக்கது. வேற்று வீட்டைக் கண்டு சீறும் வெள்ளணு முதல் சில நாள்களில் வேகமாகப் பல்கும். பல்கும் அணுவையே இந்த மருந்து கொல்லும். கூடிப்போனால் புதிதாக வேர்பிடிக்கும் மஜ்ஜையே காயும், வாயெல்லாம் புண்ணாகும். குறைந்தால் பிடாரி ஆடத் தொடங்கிவிடும். அடுத்து வந்த சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டுப் பீடபூமி ஒன்றின் மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் 1972-இல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அதன் குணம் தெரிந்தது. 1970களின் கடைசியில் பிரிட்டனில் ரே பவுல்ஸ் குழு அதை ஜி.வி.எச்.டி.க்குக் கொடுத்துப் பார்த்தது. தனியாகக் கொடுத்தபோது பழைய மருந்தைவிடப் பெரிதாகச் சாதிக்கவில்லை. 1986-இல் ஸ்டார்ப் குழு இரண்டையும் சேர்த்தது: பழைய மருந்தின் நாலே நாலு ஊசி, அதோடு சைக்ளோஸ்போரின். 93 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டில், சைக்ளோஸ்போரின் மட்டும் பெற்றவர்களில் 54 விழுக்காட்டினருக்கு மிதமானதோ கடுமையானதோ ஆன ஜி.வி.எச்.டி. வந்தது, இரண்டும் பெற்றவர்களில் 33 விழுக்காடுதான். ஒன்றரை ஆண்டில் பிழைத்திருந்தவர்கள் 55-க்கு 80 விழுக்காடு. இங்கே புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பழையவை இரண்டின் நாளும் அளவும் பொருத்தப்பட்டன, அவ்வளவுதான்.

அதே 1986-இல்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மம்மன் சாண்டி தலைமையில் மஜ்ஜை மாற்று தொடங்கியது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானி தொடங்கியிருந்தார். வேலூரின் தனித்தன்மை வேறு இடத்தில் இருக்கிறது. சியாட்டில் பார்த்தது பெரும்பாலும் இரத்தப் புற்று. வேலூரில் தலசீமியாக் குழந்தைகள் ஏராளம். புற்றில் ஒண்ட வந்த பிடாரியின் கோபத்துக்கு ஒரு பயன் உண்டு; அது என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம். தலசீமியாவில் அந்தக் கோபத்தால் யாருக்கும் ஒரு காசு லாபமில்லை. அதே சமயம், ஆண்டுக்கணக்கில் இரத்தம் ஏற்றி ஏற்றி ஈரலில் இரும்பு படிந்த குழந்தைகளுக்கு மருந்தைத் தாங்கும் வலுவும் குறைவு. ஒட்டு பிடிக்காமல் போகும் பயமும் அதிகம். ஆகவே சியாட்டிலின் கணக்கை அப்படியே எடுத்துப் போட்டால் போதாது, குழந்தைக்குக் குழந்தை பார்த்தே ஆக வேண்டும். வேலூருக்கு இதில் ஒரு முன்பழக்கம் இருந்தது. இந்தியாவின் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று 1971-இல் அங்கேதான் நடந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்த உடம்பை நம் ஊர்த் தண்ணீரிலும் நம் ஊர்க் காசநோயிலும் காப்பாற்றும் பாடத்தை அவர்கள் பதினைந்து ஆண்டாகப் படித்திருந்தார்கள்.

காசநோயைச் சும்மா சொல்லவில்லை. ஈரலில் சைக்ளோஸ்போரினைச் சிதைக்கும் நொதிகளைக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் முடுக்கிவிடும். மாத்திரை ஒழுங்காக உள்ளே போகும்; இரத்தத்தில் மருந்து இருக்காது. அடக்கி வைத்த பிடாரி எழுந்து உட்காரும். பூஞ்சைக்குக் கொடுக்கும் கீட்டோகொனசோல் நேர் எதிர்: அது நொதியைத் தடுத்து மருந்தின் அளவை ஏற்றிவிடும், பார்க்காமல் விட்டால் சிறுநீரகம் கெடும். இந்தக் கேட்டையே நம் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு சிக்கனமாக மாற்றினார்கள் என்பது இந்திய மருத்துவத்தின் கெட்டிக்காரத்தனங்களில் ஒன்று. விலை கூடிய சைக்ளோஸ்போரினோடு விலை குறைந்த கீட்டோகொனசோலை வேண்டுமென்றே சேர்த்து எழுதி, பாதிக்கும் குறைவான மாத்திரையில் அதே அளவை எட்டினார்கள். நம் பம்பளிமாசுப் பழத்துக்கும் இந்த வேலை உண்டு. ஆகவே மாத்திரைச் சீட்டைப் பார்த்து இந்த மருந்தின் உண்மையான அளவை யாராலும் சொல்ல முடியாது. காலை மாத்திரை போடுமுன் எடுத்த இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால்தான் தெரியும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இத்தனை பார்ப்பானேன், சண்டைக்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டால் என்ன? அதாவது, மஜ்ஜையை ஏற்றுமுன் அதிலிருந்து டி வகை வெள்ளணுக்களை வடிகட்டிவிட்டால் நோயே வராதே. 1980களில் பல மையங்கள் அதைச் செய்து பார்த்தன; ஜி.வி.எச்.டி. குறையவும் செய்தது. ஆனால் ஒட்டு பிடிக்காமல் போனது, இரத்தப் புற்று திரும்பி வந்தது. 1990-இல் மேரி ஹொரோவிட்ஸ் குழு 2,254 நோயாளிகளின் விவரங்களை அலசியது. ஒத்த இரட்டையரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களுக்கும், வடிகட்டிய மஜ்ஜை பெற்றவர்களுக்கும் புற்று அதிகமாகத் திரும்பியிருந்தது; ஜி.வி.எச்.டி. வந்து பிழைத்தவர்களுக்குக் குறைவாகவே திரும்பியது. எஞ்சிக் கிடக்கும் புற்றணுவை வேட்டையாடுவதும் அதே பிடாரிதான். அவளை முற்றாகக் கட்டிப்போட்டால் ஊருக்குக் காவல் இல்லை, அவிழ்த்துவிட்டால் ஊரே இல்லை. மருந்தை எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லாமல் போனது இதனால்தான். பின்னாளில் வடிகட்டும் நுட்பம் வெகுவாகத் தேறியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செலவும் சேர்ந்து தேறியிருக்கிறது.

இனி ஆரப்பாளையத்துக்கு வரலாம். தேனி, உசிலம்பட்டி, திண்டுக்கல், கொடைக்கானல் பக்கத்துப் பேருந்துகள் வந்து நிற்கும் இடம் அது. மேற்கத்தி ஊர்களின் நோயாளிகள் அங்கே இறங்கி, வைகையைத் தாண்டி, பழையவர்கள் இன்றும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று நினைவுகூரும் அரசு இராஜாஜி மருத்துவமனைக்குப் போவது தலைமுறைப் பழக்கம். மதுரை மருத்துவக் கல்லூரி 1954-இல் தொடங்கியது. நோயைக் கண்டுபிடிக்கும் படிப்பும் ஆளும் இந்தச் சமவெளிக்கு அப்போதே வந்துவிட்டன. ஆனால் வேலூரில் மாற்று தொடங்கிய காலத்தில், அந்த நோய்க்கு மாற்றுதான் வழி என்று சொல்லிவிட்டால், அடுத்த பயணம் சுமார் 400 கிலோமீட்டர். ஒருநாள் பயணமாகவும் அது முடியாது. மஜ்ஜை ஏற்றியபின் ஏறத்தாழ 100 நாள் மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்கச் சொல்வார்கள், கடுமையான ஜி.வி.எச்.டி. பெரும்பாலும் தலைகாட்டுவது அந்த நூறு நாளுக்குள். வேலூர் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிகள் முளைத்ததும், பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்து ஏறியதும் இப்படிப்பட்ட காத்திருப்புகளால்தான். நிலத்தையோ தறியையோ விட்டுவிட்டு, ஒரு குழந்தைக்காகக் கொடையாளியான இன்னொரு குழந்தையையும் கூட்டிக்கொண்டு, நூறு நாள் அங்கே தங்க முடிந்தவர்களுக்கே இந்த மருத்துவம் வாய்த்தது.

தடையாக இருந்தது விலை, தூரமில்லை என்று மறுப்பார்கள். விலை பெரிய தடைதான். பல லட்சம் ரூபாய் ஆகும் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது அதை மறுப்பது வீம்பு. ஆனால் அந்த லட்சங்களைப் பிரித்துப் பாருங்கள். மெத்தோட்ரெக்சேட்டின் நாலு ஊசி மலிவு. நோய் வந்துவிட்டால் முதலில் கொடுக்கும் ஸ்டீராய்டு பெட்டிக்கடை விலை. சைக்ளோஸ்போரினை உள்நாட்டு நிறுவனங்களும் செய்யத் தொடங்கின. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை இல்லை என்று சொன்னது அதற்கு வழிவிட்டது. காசு போவது தனி அறைக்கும், காற்றை வடிகட்டுவதற்கும், இரத்தப் பரிசோதனைக்கும், தட்டணுக்களுக்கும், தொற்றோடு மல்லுக்கட்டுவதற்கும். அதாவது பார்த்துக்கொள்வதற்கு. விலை என்று நாம் சொல்வதே பார்வையின் விலைதான்.

உறவுமுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடன்பிறந்தவர் ஒருவரின் திசு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. நோயாளிக்கு நாலு உடன்பிறப்புகள் இருந்தால் ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 68 விழுக்காடு. ஒருவர்தான் என்றால் 25. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் காலத்தில் பழைய கணக்கு செல்லாது. 2009-இல் சென்னையில் தாத்ரி கொடையாளர் பதிவகம் தொடங்கப்பட்டது இந்தப் பற்றாக்குறைக்கு ஒரு விடை. இன்னொரு விடை மறுபடியும் பழைய மருந்திலிருந்தே வந்தது. 1950களில் ஜெர்மனியில் பிறந்த சைக்ளோபாஸ்பமைடை, மஜ்ஜை ஏற்றிய 3-ஆம், 4-ஆம் நாளில் கொடுத்தால், சீறிப் பல்கும் வெள்ளணு மட்டும் சாகிறது, மூல அணு தப்புகிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லுஸ்னிக், ஃபுக்ஸ் குழு 2008-இல் காட்டியது. பாதி பொருந்தும் தாயும் தகப்பனும் பிள்ளையும் அதன்பின் கொடையாளிகளானார்கள். மலிவான மருந்து என்பதால் இந்தியாவுக்கு இது பெரிய வரம். இங்கேயும் சாவி நாள்கணக்கில்தான் இருக்கிறது. முன்கூட்டியோ பிந்தியோ கொடுத்தால் அதே மருந்து உதவாது.

உறவு என்பதாலேயே ஆபத்தாகும் இடமும் உண்டு. இரத்தம் என்றால் தாய்மாமனும் சித்தப்பாவும் ஓடிவந்து கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அதில் ஓர் உரிமையும் இருக்கிறது. சொந்தத்துக்குள் கொண்டும் கொடுத்தும் வந்த குடும்பங்களில் திசு அமைப்பு நெருங்கியிருக்கும். அப்படிப்பட்ட இரத்தம் ஏறும்போது, அதிலுள்ள வெள்ளணுவை நோயாளியின் உடம்பு அந்நியம் என்று அறியாமல் உள்ளே விட்டுவிடக்கூடும். உள்ளே வந்ததோ நோயாளியை அந்நியமாகவே பார்க்கும். மஜ்ஜை மாற்றே நடக்காமல், வெறும் இரத்தம் ஏற்றியதில் ஜி.வி.எச்.டி. வருவது இப்படித்தான். ஜப்பானில் அறுவை சிகிச்சைக்குப் பின் உடம்பெல்லாம் சிவந்து இறந்தவர்களின் மர்மம் கடைசியில் இப்படியே அவிழ்ந்தது. இதற்கு எந்த அடக்கும் மருந்தும் ஏறக்குறையப் பயன்படுவதில்லை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இறந்துவிடுகிறார்கள். இரத்தப் பையைக் கதிரூட்டி வெள்ளணுவை முடக்கிவிட்டால் வரவே வராது. மருந்து தோற்று, முன்கூட்டிப் பார்த்தது மட்டுமே ஜெயிக்கும் இடம் இது.

புதிய மருந்துகள் இந்தப் பேச்சைப் பழங்கதையாக்கிவிடும் என்பது கடைசி மறுப்பு. ஸ்டீராய்டுக்கு அடங்காத நோய்க்கு ரக்சோலிட்டினிப் என்ற மாத்திரைக்கு 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 28-ஆம் நாளில் அதற்கு 62 விழுக்காட்டினர் இசைந்தார்கள். மற்ற சிகிச்சைகளுக்கு 39. நல்ல முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் அதுவும் தட்டணுக்களைக் குறைக்கிறது, உறங்கும் கிருமிகளை எழுப்புகிறது, ஈரல் நொதிகளின் தயவில் வாழ்கிறது. பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் குறையவில்லை.

உங்கள் வீட்டில் யாரேனும் மஜ்ஜை மாற்று முடிந்து ஊர் திரும்பியிருந்தால், உள்ளூர் மருத்துவர் காசநோய்க்கோ பூஞ்சைக்கோ மாத்திரை எழுதும் அன்றே மாற்று செய்த மையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். இரத்த அளவு பார்க்கப் போகும் காலையில் அடக்கும் மாத்திரையைப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள்; இரத்தம் எடுத்தபின் போட்டுக்கொள்ளட்டும். இரத்தம் ஏற்ற வேண்டும் என்றால், தாய்மாமன் கையை நீட்டுமுன், கதிரூட்டிய இரத்தமா என்று கேளுங்கள்.